பணி இடைவெளிக்கான காரணம்

முட்டுக்காட்டில், படகுத் துறையைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் என் தோழி குடியிருக்கிறாள். உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவள். வயது 46. அவள் வீட்டு அடுக்களை மேடையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், பல வருடங்களாக ஒரு நீள நோட்டு கிடந்தது. ஒன்று தீர்ந்தால் இன்னொன்று வரும். மாமியார் எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன சாப்பிட்டார், யாருடைய பெயரை மறந்தார், எந்த மாத்திரைக்குப் பிறகு தூக்கம் கெட்டது, குளியலறையில் எந்த இடத்தில் தடுமாறினார் என்று தேதியும் நேரமும் போட்டு எழுதிய குறிப்புகள். மாமியாருக்கு மறதி நோய். ஏழு ஆண்டுகள் படுக்கையும் நடையுமாக இருந்து, போன மார்கழியில் இறந்துபோனார்.

பொங்கல் கழிந்து ஒருநாள் போயிருந்தபோது, ஆராய்ச்சியிலிருந்து விலகிய பெண்களுக்கான ஒரு நிதியுதவித் திட்டத்தின் விண்ணப்பப் படிவத்தை மடிக்கணினியில் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ‘பணி இடைவெளிக்கான காரணம்’ என்று ஒரு கட்டம். இரண்டு வரிக்குத்தான் இடம்.

“என்னடி எழுதறது? குடும்பச் சூழ்நிலைன்னு போட்டா போதுமா?” என்றாள்.

நான் அறிவியல் படித்தவள் அல்ல. பிரதிகளை வாசிப்பது என் வேலை. கதையை, கவிதையை, நீதிமன்றத் தீர்ப்பை, திருமண விளம்பரத்தை நாம் பெண்ணிய நோக்கில் வாசித்திருக்கிறோம். ஆய்வு நிதிக்கான அறிவிப்பையும் பணி விளம்பரத்தையும் அப்படி வாசித்தது குறைவு. அவையும் மனிதர்கள் எழுதிய பிரதிகள்தான். யாரை மனதில் வைத்து எழுதப்பட்டன, யாருடைய வாழ்க்கையை இயல்பு என்று எடுத்துக்கொள்கின்றன, எந்தச் சொல்லின் பின்னால் எந்த உழைப்பு மறைகிறது என்று கேட்டால் அவையும் பதில் சொல்லும். அன்றிரவு அவள் அனுப்பிய படிவத்திலிருந்து தொடங்கிய வாசிப்புதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் ‘இடைவெளி’ என்ற சொல். இரண்டு வேலைகளுக்கு நடுவே ஒன்றும் இல்லாத இடம் என்று அது பொருள் தருகிறது. அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதற்கு அரசின் கணக்கே இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மீண்டும் எடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்தாண்டில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது என்று மகிழ நினைத்தால், ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. குழந்தைகளையும் முதியவர்களையும் நோயாளிகளையும் கவனிக்கும் நேரம் இதில் சேராது. அதற்குத் தனிக் கணக்கு.

அந்தக் கவனிப்பிலும் ஒரு படிநிலை உண்டு. மத்திய அரசின் பெண் ஊழியருக்கும் தனித்து வாழும் தந்தைக்கும் முதல் இரண்டு குழந்தைகளுக்காக, பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாட்கள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறை, முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் பெண்களுக்கு மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாட்கள் வரை விடுப்பும், ஆய்வை முடிக்கக் கூடுதலாக இரண்டு ஆண்டும் தருகிறது. இவை போராடிப் பெற்றவை; குறைத்துப் பேசுவதற்கில்லை. ஆனால் படுத்த படுக்கையான மாமியாருக்கோ தாய்க்கோ தந்தைக்கோ என்று தனி விடுப்பு கிடையாது. குழந்தையைப் பெண் வளர்ப்பாள் என்பதைச் சட்டம் ஒருவாறு ஒப்புக்கொண்டிருக்கிறது. முதியவரையும் அவள்தான் தூக்கி உட்காரவைக்கிறாள் என்பதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த மௌனம் ஒரு துறையில் மட்டும் வேடிக்கையாகிவிடுகிறது. முதுமை குறித்த ஆய்வு என்பதே மனித உடலும் நினைவும் எப்படித் தேய்கின்றன, எது அதைத் தாமதப்படுத்துகிறது, கவனிப்பு எப்படி அமைய வேண்டும் என்று கேட்கும் துறை. அந்தக் கேள்வியோடு ஏழு ஆண்டு ஒரே வீட்டில் வாழ்ந்த, அளக்கவும் பதியவும் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணை, அதே துறையின் படிவம் ‘ஏழு ஆண்டு எங்கே போனாய்’ என்று கேட்கிறது.

*

அடுத்து வயது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03இல் பெண் விஞ்ஞானிகளுக்கான திட்டத்தைத் தொடங்கியது. பணியை விட்டு விலகியிருந்த 27 முதல் 57 வயது வரையுள்ள பெண்கள் மூன்றாண்டு ஆய்வுத் திட்டமும் உதவித்தொகையும் பெறலாம் என்றது. பிறகு அது வைஸ்-கிரண் என்ற குடையின் கீழ் வந்தது. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கான அதன் பிரிவில் இப்போது 60 வயது வரை விண்ணப்பிக்கலாம். உயிரித் தொழில்நுட்பத் துறை 2011இல் பயோகேர் என்ற திட்டத்தைப் பெண் விஞ்ஞானிகளுக்காகவே கொண்டுவந்தது. ஒருத்தி நாற்பத்தைந்தில் திரும்பி வர விரும்பினால் அவளுக்கு ஒரு கதவு இருக்கிறது என்று இந்த அறிவிப்புகள் சொல்கின்றன. உண்மைதான். அந்தக் கதவு வழியாக நிறையப் பெண்கள் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியும் இருக்கிறார்கள்.

அந்தக் கதவு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்க்க வேண்டும். மூன்று ஆண்டு கழித்து உதவித்தொகை முடிகிறது. அடுத்து வேலை வேண்டும். சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களில் தொடக்கநிலை விஞ்ஞானிப் பணிக்குப் பொதுப்பிரிவினருக்கு வழக்கமான வயது வரம்பு 32. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் விஞ்ஞானி ‘பி’ நிலைக்கு 35. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்டோருக்குச் சில ஆண்டுகள் தளர்வு உண்டு. இன்ஸ்பயர் ஆசிரியர் திட்டம் பெண்களுக்கு 32ஐ 37 ஆக்கியது. ஆனால் அதுவும் ஐந்தாண்டு ஒப்பந்தம், நிரந்தரப் பணிக்கு உறுதிமொழி அல்ல. 2020இல் தொடங்கிய பவர் என்ற உயர்மதிப்பு உதவித்தொகை, 35 முதல் 55 வயது வரையுள்ள பெண் ஆய்வாளர்களுக்கானது. ஏற்கெனவே நிரந்தரப் பணியில் இருப்பவர்தான் அதற்கு விண்ணப்பிக்க முடியும்.

இந்த எண்களை ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் வடிவம் புலப்படும். உதவித்தொகைக்கான கதவு 60 வரை திறந்திருக்கிறது. வேலைக்கான கதவு 32இலோ 35இலோ மூடிவிடுகிறது. ஒரு கதவு வழியாக உள்ளே அழைத்து, மூன்றாண்டு உட்காரவைத்து, அடுத்த கதவு பூட்டியிருப்பதைக் காட்டி அனுப்புகிறோம். நாற்பத்தாறில் உதவித்தொகை பெறும் என் தோழி நாற்பத்தொன்பதில் மறுபடியும் ‘இடைவெளி’க்குள் விழுவாள். அப்போது காரணம் என்ன எழுதுவது? திட்டம் முடிந்துவிட்டது என்றா?

32 என்ற எண் யாருடைய வாழ்க்கை? 22இல் முதுகலை, 28இல் முனைவர் பட்டம், இரண்டு மூன்று ஆண்டு வெளிநாட்டில் ஆய்வு, 32இல் பணி. நடுவில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை, யாரும் பிறக்கவில்லை, யாரும் இறக்கவில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்து, தம்பி படிப்பு முடியும்வரை வேலைக்குப் போய், உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாக வந்தபோது கடன் வாங்கி ஆய்வை முடித்த பெண்ணுக்கு அந்த அட்டவணை பொருந்தாது. அப்படிப்பட்ட ஆணுக்கும் பொருந்தாது. வயது வரம்பைப் பெண் பிரச்சினை என்று மட்டும் சொல்லக்கூடாது; அது வர்க்கத்தின், சாதியின் பிரச்சினையும்தான்.

மத்திய அரசின் பணி விளம்பரங்கள் பலவற்றில் வயதுத் தளர்வுப் பத்தியில் இன்னொரு வாசகம் வரும். கணவனை இழந்தவர்கள், மணமுறிவு பெற்றவர்கள், சட்டப்படி பிரிந்து வாழ்பவர்கள் ஆகிய பெண்கள், மறுமணம் செய்துகொள்ளாதிருந்தால், 35 வயது வரை விண்ணப்பிக்கலாம். ஆதரவற்ற நிலையில் நிற்கும் பெண்ணுக்கு உதவும் நல்ல எண்ணம்தான். ஆனாலும் வாசித்துப் பாருங்கள்: ஒரு பெண்ணின் காலம் வீணாயிற்று என்பதை அரசு நம்ப வேண்டுமானால் அவள் கணவனை இழந்திருக்க வேண்டும். கணவன் இருந்தால் அவள் காலத்தை அவன் காப்பாற்றியிருப்பான் என்பது அந்த வாசகத்தின் அடிநிலை நம்பிக்கை.

ஒப்பிட ஒன்று சொல்கிறேன். ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம் இளம் ஆய்வாளர்களுக்கான நிதியில் பிறந்த தேதியைப் பார்ப்பதில்லை. முனைவர் பட்டம் பெற்று எத்தனை ஆண்டு ஆயிற்று என்று பார்க்கிறது. தாயான பெண்ணுக்கு ஒவ்வொரு குழந்தைக்கும் 18 மாதம் கூட்டித் தருகிறது. ஐரோப்பாவில் எல்லாம் சரியாகிவிட்டது என்பதல்ல என் வாதம். கடிகாரத்தை எங்கிருந்து ஓடவிடுவது என்பது இயற்கை விதி அல்ல, யாரோ எடுக்கும் முடிவு. முடிவென்றால் மாற்றலாம்.

*

‘குடும்பச் சூழ்நிலை’ என்ற விடையை நாமே சந்தேகிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பெண்கள் அறிவியலை விட்டுப் போவதற்குக் குடும்பமே காரணம் என்பது எல்லோருக்கும் வசதியான விளக்கம். நிறுவனத்துக்கு வசதி, ஏனென்றால் குற்றம் வீட்டுக்குப் போய்விடுகிறது. 2010இல் இந்திய அறிவியல் கழகமும் பெங்களூரு தேசிய உயர் ஆய்வு நிறுவனமும் இணைந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. முனைவர் பட்டம் பெற்ற பெண்களிடமும் ஆண்களிடமும், ஆய்வில் இருப்பவர்களிடமும் விலகியவர்களிடமும் கேட்டு எழுதப்பட்டது அது. விலகிய பெண்கள் முதன்மையாகச் சொன்ன காரணம் குடும்பமல்ல; தகுதிக்கேற்ற வேலை கிடைக்கவில்லை என்பதே. வேலை தேடினார்கள், கிடைக்கவில்லை, வீட்டில் இருந்தார்கள். வீட்டில் இருந்ததால் பராமரிப்பு அவர்கள் தலையில் விழுந்தது. பிறகு உலகம் வரிசையை மாற்றி, பராமரிப்புக்காகத்தான் வேலையை விட்டார்கள் என்று எழுதிக்கொண்டது.

இதை என் தோழியிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “போஸ்ட்டாக் முடிஞ்சப்புறம் ரெண்டு வருஷம் அலைஞ்சேனே, மறந்துட்டியா? நேர்முகத்துல ஒருத்தர் வீட்டுக்காரர் எங்க வேலைன்னு கேட்டாரே. அப்புறம்தானே அத்தைக்கு உடம்பு முடியாமப் போச்சு” என்றாள். அவளே மறந்திருந்தாள். பதினைந்து ஆண்டாகத் தன் கதையைக் குடும்பக் கதையாகச் சொல்லிச் சொல்லி, அவளுக்கும் அதுவே நினைவாகிவிட்டது.

நாம் கொண்டாடும் முன்னோடிகளையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். தாவரவியலாளர் ஜானகி அம்மாள் ஓய்வுக்குப் பிறகு சென்னைக்கு வந்து, மதுரவாயலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வுக்கூடத்திலேயே தங்கி, 1984இல் 86 வயதில் இறக்கும்வரை வேலை செய்தார். மருத்துவர் சாந்தா 1955இல் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் சேர்ந்தவர், அந்த வளாகத்திலேயே வாழ்ந்து 2021இல் மறைந்தார். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. அவர்களுடைய தேர்வு அவர்களுடையது. அதைப் பற்றிப் பேச நமக்கு உரிமையில்லை. ஆனால் வேலை செய்யும் இடமே வீடாகிவிட்ட பெண்களைத்தான் நம் அறிவியல் நிறுவனங்கள் முழுமையாக ஏற்றுக்கொண்டன என்றால், அது நிறுவனங்களைப் பற்றிய செய்தி. இடம் கிடைத்தால் 86 வயதிலும் ஒரு பெண் ஆய்வு செய்வாள் என்பதற்கும் ஜானகி அம்மாளே சாட்சி. அவரை யாரும் வயது வரம்பு கேட்டு நிறுத்தவில்லை.

*

வீடும் ஆய்வுக்கூடமும் தனித்தனி என்ற எண்ணத்தையே கேள்விக்குள்ளாக்கும் நிகழ்ச்சி ஒன்று சென்னையில் நடந்தது. 1985இன் இறுதியில், சென்னை மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், தன் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் எய்ட்ஸ் கிருமி இங்கே இருக்கிறதா என்று தேடும்படி சொன்னார். நிர்மலாவுக்கு வயது 32, இரண்டு சிறு குழந்தைகள். இந்தியாவில் எய்ட்ஸ் இல்லை என்று எல்லோரும் நம்பிய காலம். பேருந்துக் காசு மிச்சமாகட்டும் என்று கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட, அரசுக் காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளிகளிடம் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். பிரித்தெடுத்த ஊநீரைப் பாதுகாக்க வேறு இடமில்லாததால் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். சென்னையில் சோதனைக்கு வசதியில்லை. 1986 பிப்ரவரியில் மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போயின. ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது அப்படித்தான்.

இந்த ஆய்வுக்கு நிதி கொடுத்தது யார்? ஒரு வீட்டின் குளிர்சாதனப் பெட்டி, ஒரு ஸ்கூட்டர், ஒரு குடும்பத்தின் பொறுமை. மருத்துவ வரலாற்றில் இது துணிச்சல் கதையாகச் சொல்லப்படுகிறது, துணிச்சல்தான். நிதிக் கதையாகவும் அதை வாசிக்க வேண்டும். வீடு கொடுத்ததற்கு எந்தக் கணக்கேட்டிலும் வரி இல்லை.

பிறகு என்ன ஆயிற்று? சுனிதி சாலமன் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கினார். 2015இல் மறைந்தபின் 2017இல் பத்மஸ்ரீ வந்தது. நிர்மலா 1987இல் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, கிண்டி கிங் நிறுவனத்தில் தடுப்பூசி தயாரிப்புப் பணியில் சேர்ந்து, 2010இல் ஓய்வு பெற்றார். நாட்டின் நோய் வரலாற்றைத் திருப்பிய கண்டுபிடிப்பு அவருடைய ஆய்வு வாழ்க்கைக்கு ஏணியாகவில்லை. அவர் பெயர் பரவலாகத் தெரியவந்ததே முப்பது ஆண்டு கழித்துத்தான்.

இன்னும் ஒரு படி கீழே போக வேண்டும். இரத்தம் கொடுத்த பெண்களுக்கு அது எந்தச் சோதனைக்கு என்று சொல்லப்படவில்லை. நிர்மலாவே அதைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர்கள் அடைத்துவைக்கப்பட்டிருந்தவர்கள், மறுக்கும் நிலையில் இல்லாதவர்கள். பெண் ஆய்வாளருக்கு நியாயம் கேட்கும்போது, ஆய்வுக்கு உடலைக் கொடுத்த பெண்ணை மறந்தால் நம் கேள்வி பாதியில் நின்றுவிடும்.

*

அந்த கிங் நிறுவன வளாகத்தில்தான் இன்று 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் நிற்கிறது. 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. முதியோர் மருத்துவத்தில் சென்னைக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. அந்தத் துறையில் எம்.டி. படிப்பை 1996இலேயே தொடங்கியது சென்னை மருத்துவக் கல்லூரி. தேவையும் இருக்கிறது. 2021இல் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம், 2031இல் 18.2 சதவீதமாகும் என்று மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் அறிக்கை மதிப்பிட்டது. கேரளத்துக்கு அடுத்தபடி நாட்டின் மூத்த மாநிலம் நாம்தான். கட்டடமும் படுக்கையும் வந்துவிட்டன. ஆய்வு?

முதுமையை ஆராய நீண்ட காலம் வேண்டும். ஒரே மனிதர்களைப் பத்து, இருபது ஆண்டு பின்தொடர்ந்தால்தான் யார் எப்படி மூப்படைகிறார்கள் என்று தெரியும். அப்படிப்பட்ட பொறுமை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களில் பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்யப்பட்டார்கள். இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் வீடு வீடாகப் போனார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்ற கசப்பான, உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அதிலிருந்து வந்தது. பதினைந்து ஆண்டுப் பின்தொடர்தலின் முழு அறிக்கை 1999இல் வெளியானது. அரசு நிதி இடையில் நிற்காமல் வந்ததால்தான் அது முடிந்தது.

இன்று நிலைமை வேறு. நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போவது 0.64 சதவீதம். இந்தியாவின் நீள்கால முதுமை ஆய்வான லாசி, 2017-18இல் 72,000க்கும் மேற்பட்டவர்களைச் சந்தித்தது. கால் நூற்றாண்டு தொடர வேண்டும் என்பது திட்டம். நிதியில் ஒரு பங்கு அமெரிக்காவின் தேசிய முதுமை நிறுவனத்திலிருந்து வந்தது. இரண்டாண்டுக்கு ஒருமுறை என்று நினைத்த சுற்றுகள் அந்த வேகத்தில் நகரவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் மூளை ஆய்வு மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்தில் 10,000 கிராமத்தவரை நீண்ட காலம் பின்தொடரும் ஆய்வை நடத்துகிறது. அதைக் கட்டியெழுப்பிய இயக்குநர் சென்னையில் பிறந்த விஜயலட்சுமி ரவீந்திரநாத். மையத்தைத் தாங்கியது பிரதீக்ஷா அறக்கட்டளை தந்த 225 கோடி ரூபாய். ஒரு பெண் தலைமையும் நீண்டகால நிதியும் சேர்ந்தால் என்ன முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் ஒரு செல்வந்தரின் நல்ல மனதை நம்பியே ஒரு துறை இருக்க முடியாது.

இருபது ஆண்டு கேள்வியை மூன்று ஆண்டு உதவித்தொகையில் கேட்க முடியாது என்பதுதான் விஷயம். பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நிதி பெரும்பாலும் மூன்றாண்டு நிதி. ஆகவே நீண்ட கேள்விகள் நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்குப் போகின்றன. அவர்களில் பெரும்பான்மை ஆண்கள். நாட்டின் ஆய்வாளர்களில் பெண்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சின்னக் கேள்விகள், முடிந்தவுடன் மறக்கப்படும் கேள்விகள் பெண்களுக்கு மிஞ்சுகின்றன. பிறகு, பெண்கள் பெரிய ஆய்வுகளை எடுப்பதில்லை என்று தேர்வுக்குழுவில் யாரோ சொல்வார்கள்.

அதற்கும் கீழே இன்னொரு வரிசைப் பெண்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மகளிர் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். எந்த வீட்டுப் பாட்டி இந்த மாதம் எழுந்து நடக்கவில்லை என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். முதுமை ஆய்வுக்கு இதைவிடத் தேர்ந்த கண் எது? அவர்கள் பெறுவதோ ஊக்கத்தொகை. ‘தன்னார்வலர்’ என்ற சொல்லும் ‘இடைவெளி’ என்ற சொல்லும் ஒரே வேலையைச் செய்கின்றன: உழைப்பை உழைப்பு என்று சொல்லாமல் பார்த்துக்கொள்கின்றன.

*

கேட்க வேண்டியவை சிக்கலானவை அல்ல. வயதை விட்டுவிட்டு, பட்டம் பெற்றபின் ஆய்வில் கழித்த ஆண்டுகளைக் கணக்கிடுங்கள். திரும்பிவரும் பெண்ணுக்கு உதவித்தொகையோடு, தகுதி காட்டினால் நிரந்தரமாகும் பணியிடத்தையும் கொடுங்கள். அதைக் கொடுக்காத நிறுவனத்துக்குத் திட்ட நிதியைக் குறையுங்கள். குழந்தைக்கு உள்ள விடுப்பு முதியவருக்கும் வேண்டும், ஆணும் பெண்ணும் எடுக்கும் விதத்தில். நீள்கால ஆய்வுகளுக்குப் பத்தாண்டுக்குக் குறையாத அரசு நிதி வேண்டும். வீடு வீடாகப் போகும் பெண்கள் அதில் சம்பளம் பெறும் ஊழியர்களாக, படித்து மேலேறும் வழியோடு இருக்க வேண்டும்.

தோழியின் நோட்டுகளை ஒருநாள் புரட்டிப் பார்த்தேன். பாதிப் பக்கங்களில் பகல்நேரக் குறிப்புகள் வேறு நடையில் இருந்தன. விசாரித்தபோது, கோவளம் குப்பத்திலிருந்து பகலில் பார்த்துக்கொள்ள வந்த அக்கா சொல்லச் சொல்ல, இரவில் இவள் எழுதியதாம். “நான் டவுசிங் சிரப் மாத்தினதால தூக்கம் வருதுன்னு நெனச்சேன். அக்காதான், இல்லம்மா, வெயில்ல நாற்காலி போட்டு உக்கார வச்ச நாள்லதான் ராத்திரி தூங்கறாங்கன்னு சொன்னாங்க. பாத்தா சரியாத்தான் இருந்துது.” அந்த அக்காவின் சொந்த அம்மா அப்போது யார் பார்வையில் இருந்தார் என்று நான் கேட்டேன். தோழிக்குத் தெரியவில்லை. அவள் ஒரு கணம் வெட்கப்பட்டாள், நானும்தான்.

விண்ணப்பத்தை அவள் அனுப்பிவிட்டாள். காரணம் கேட்ட கட்டத்தில் ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதவில்லை. முதல் வரியில், முனைவர் பட்டத்துக்குப் பிறகு இரண்டாண்டு வேலை தேடியும் கிடைக்கவில்லை என்று எழுதினாள். இரண்டாவது வரியில், மறதி நோயுள்ள ஒருவரை ஏழு ஆண்டு வீட்டில் பராமரித்து, அன்றாடம் பதிவு செய்ததாக எழுதினாள். ஆய்வுத் திட்டத்தின் செலவுப் பட்டியலில் களப் பணியாளர் ஒருவருக்கு மாதச் சம்பளம் போட்டிருக்கிறாள். கல்வித் தகுதி என்ற இடத்தில், முதியவரைப் பராமரித்த அனுபவம் என்று குறித்திருக்கிறாள். தேர்வுக்குழு அதைத் தள்ளிவிடக்கூடும். தள்ளினால் காரணம் கேட்டு எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். இந்த முறை காரணம் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.